காகிதப்பூவுக்கும் பெயர் உண்டு

கரடியூரில் எங்கள் வீட்டுச் சுவர்மேல் ஏறி நின்ற காகிதப்பூக் கொடி பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். சேலத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது என் மனைவி ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த குச்சி அது. விரியும்போது இரத்தச் சிவப்பு, நாளாக ஆக ஊதா கலந்த ரோஸ். நான்கு வருஷம் முன்பு சுவரை இடித்துக் கட்டியபோது வேரோடு போயிற்று. "போகட்டும், நர்சரியில் வேறு வாங்கிக்கொள்ளலாம்" என்று சொன்னவன் நான்தான். அவள் காலமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மூன்று முறை வாங்கினேன். ஒன்று கத்தரிப்பூ நிறம், ஒன்று செங்கல் நிறம், மூன்றாவது வெள்ளை. வகை கேட்டால், "காகிதப்பூதான் சார், சிவப்பு" என்பார்கள்.

ஆயுள் முழுக்கக் கோப்புக்கு எண் போட்டவனுக்கு இது பொறுக்கவில்லை. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் பூகன்வீல் என்றால் உலகைச் சுற்றிய கப்பல் தலைவர். 1767இல் அவர் பயணத்தின்போது ரியோ டி ஜெனிரோவில் இந்தச் செடியைச் சேகரித்தவர் கொம்மெர்சோன். அவருக்கு உதவியாளாக ஆண் வேடத்தில் கப்பலேறியவள் ழான் பாரே. பெயர் என்னவோ தலைவருக்கு!

என் கொடியைப் பற்றித் தேடியபோது கிடைத்த பெயர் 'மிஸஸ் பட்'. 1910இல் அந்த அம்மாள் கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் ஒரு தோட்டத்தில் இதைக் கண்டு டிரினிடாடுக்குக் கொண்டுபோனாராம். இரண்டு இனங்கள் தானாகக் கலந்து பிறந்த கலப்பினம். இப்படிப்பட்டவை விதை பிடிப்பது அபூர்வம். பிடித்தாலும் பிள்ளை தாயைப்போல இராது. குச்சி வெட்டி நட்டால்தான் அதே செடி வரும். அதாவது கை மாறிக் கை மாறித்தான் நூறு வருஷமாக உயிரோடு இருக்கிறது. ஒரே செடியில் வெள்ளையும் ரோஸும் பூக்கும் 'மேரி பாமர்' நம் நாட்டிலேயே உண்டானது. அதையும் "ரெண்டு கலர்" என்றே விற்கிறார்கள்.

கோடை விழாவுக்கு மலையேறி வருபவர்கள் டிக்கி நிறையச் செடி வாங்கிப் போகிறார்கள். தொட்டியில் ஒரு சீட்டுச் செருகி வகைப் பெயர் எழுத என்ன செலவாகும்? பெயர் இருந்திருந்தால் நானும் அன்றைக்கு, வெட்டும் முன் நாலு குச்சியாவது எடுத்து வைத்திருப்பேன்.

சிவப்பாக விரிந்து ரோஸாக மாறுகிற கொடி உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள். ஜூன் மழைக்கு முன், பென்சில் கனத்தில் ஒரு சாண் குச்சி போதும். ஈரத்துணியை நானே கொண்டுவருகிறேன்.