நீரிழிவும் நீதியும்

நவம்பர் 14 இந்தியாவில் குழந்தைகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. உலக நீரிழிவு நாளும் அதுவே. இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பிரெடரிக் பாண்டிங் பிறந்த நாள் அது. 1921ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் அவரும் சார்லஸ் பெஸ்ட்டும் இன்சுலின் ஆய்வில் ஈடுபட்டனர். பின்னர் அதற்கான காப்புரிமை, பெயரளவிலான ஒரு டாலர் விலைக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. உயிர் காக்கும் மருந்து ஒரு சிலரின் உடைமையாகிவிடக் கூடாது என்னும் உயரிய எண்ணம் அதில் வெளிப்பட்டது. நூறாண்டுகள் கடந்துவிட்டன. மருந்து வந்துவிட்டது, அது எல்லாரையும் சென்று அடைந்ததா என்பதே இன்றைய வினா.

நோயின் இயல்பு

நாம் உண்ணும் உணவு குளுக்கோசாக மாறிக் குருதியில் கலக்கிறது. அதனை உடலின் செல்களுக்குள் செலுத்தக் கணையம் சுரக்கும் இன்சுலின் உதவுகிறது. அச்சுரப்புக் குறைந்தாலோ, உடல் அதனை ஏற்காவிட்டாலோ, குருதியில் சர்க்கரை மிகுகிறது. அதுவே நீரிழிவு. தொடக்கத்தில் பலருக்கு எவ்வித அறிகுறியும் தோன்றுவதில்லை. கவனியாது விட்டால் கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் ஆகியவற்றை இந்நோய் மெல்ல மெல்லச் சிதைக்கும். பாதம் உணர்விழந்தால், வெறுங்காலுடன் உழைப்பவர் முள் தைத்ததையும் அறியார்.

செல்வரின் நோயா?

நீரிழிவு செல்வரின் நோய் என்னும் எண்ணம் இன்னும் மக்களிடையே நிலவுகிறது. அது தவறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்ற நாடளாவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது என அவ்வாய்வு மதிப்பிட்டது. அதே ஆய்வின் 2017ஆம் ஆண்டு அறிக்கை, தமிழ்நாடு, மகாராட்டிரம், சண்டிகர் ஆகியவற்றின் நகர்ப்புறங்களில் வசதி குறைந்தோரிடையேதான் இந்நோய் மிகுதி என்று காட்டியது.

இதற்குச் சோம்பலையும் நாவடக்கமின்மையையும் காரணம் காட்டுவது எளிது. ஆனால் அது நேர்மையன்று. காய்கறியும் பருப்பும் விலை ஏறும்போது, ஏழையின் தட்டில் சோறோ சப்பாத்தியோதான் மிகுகிறது. இரவெல்லாம் காவல் காப்பவரிடம் காலையில் நடைப்பயிற்சி செய்யுமாறு கூறுவதால் என்ன பயன்? வாழ்க்கைச் சூழல் இடங்கொடாத அறிவுரை வெறும் சொல்லாகவே நின்றுவிடும்.

மூன்று தடைகள்

‘அரசு மருத்துவமனையில் மருந்து இலவசந்தானே?’ எனச் சிலர் கேட்பர். மருந்து இலவசமே. ஆயினும் அதனைப் பெற வரிசையில் நிற்கும் நாளில் கூலி இல்லை. காலம் என்பது முதல் தடை.

இரண்டாவது தடை இடப்பெயர்வு. கட்டடத் தொழிலாளர் ஒரு பணி முடிந்ததும் வேறு ஊர் செல்கின்றனர். பழைய மருத்துவச் சீட்டு தொலைந்துபோகிறது. சிகிச்சையும் இடையில் அறுபடுகிறது.

மூன்றாவது தடை மொழி. மும்பையின் தாராவியில் வாழும் முதிய தமிழ்த்தாய் ஒருவர், பாதம் மரத்துப்போவதை மராத்தியிலோ இந்தியிலோ எவ்வாறு விளக்குவார்? திருப்பூரில் உழைக்கும் ஒடிசாத் தொழிலாளிக்கும் அதே துன்பந்தான். இத்தகைய இடங்களில் பெற்றோருக்குப் பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர் ஆகின்றனர். பிள்ளை பள்ளி நாளை இழக்கிறது. தாயோ பிள்ளையின் முன் சில துன்பங்களைச் சொல்லத் தயங்குகிறார். அன்பினால் பிள்ளை செய்யும் உதவி போற்றத்தக்கது. ஆனால் அவ்வுதவியை நம்பி மருத்துவமனை தன் கடமையைக் கைவிடலாகாது.

வாயில் தேடிச் செல்லுதல்

நோயாளி வரட்டும் எனக் காத்திராமல், மருத்துவமே அவரைத் தேடிச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. இத்திட்டத்தின்கீழ்த் தன்னார்வலர்கள் வீடுகளுக்குச் சென்று, குருதி அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்து, மாத்திரைகளையும் வழங்குகின்றனர். முப்பது வயதைக் கடந்தோர்க்கு நீரிழிவுப் பரிசோதனை செய்யும் திட்டம் நாடு முழுவதற்கும் உண்டு. அது கட்டடப் பணியிடங்களையும் குடிசைப் பகுதிகளையும் தவறாது எட்ட வேண்டும். மாலை நேர மருத்துவமும், எந்த ஊரிலும் செல்லுபடியாகும் மருத்துவப் பதிவும், நோயாளியின் மொழி அறிந்த பணியாளரும் இருப்பின் மேற்கூறிய மூன்று தடைகளும் தளரும். இவற்றுக்கு ஆகும் செலவு வீண் அன்று. பழுதான சிறுநீரகத்திற்குச் செய்யும் சிகிச்சையைவிடக் காலத்தே செய்யும் குருதிப் பரிசோதனையின் செலவு மிகக் குறைவு.

இளையோர்க்கும் இதில் பங்குண்டு. எந்த மாத்திரையை எந்த வேளையில் உண்பது எனத் தாத்தாவும் பாட்டியும் படித்தறியும்படி பெரிய தமிழ் எழுத்துகளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். கற்ற எழுத்து ஓர் உயிர்க்குத் துணையாவது பெரும்பேறு. எனினும் மருந்தும் மருத்துவமும் எளியோர்க்கு இரக்கத்தால் ஈயப்படுபவை அல்ல. அவை அவர்களின் உரிமை.

சிந்தித்து எழுதுக

1. மருந்து இலவசமாகக் கிடைத்தும் எளியோர் பலரால் அதனைத் தொடர்ந்து பெற இயலாதது ஏன்?
2. நீங்கள் வாழும் பகுதியில் மருத்துவ உதவி பெறுவதில் மொழி ஒரு தடையாக உள்ளதா? பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.