வேலி தாண்டும் நோயும் வேலிக்குள் உறங்கும் சட்டமும்

வாழைத் தோட்டத்திலே நோய் புகுந்தால் அது அத்தோட்டக்காரனின் தலைவிதி என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. உத்தியோகத்தர் “மருந்து அடியுங்கள்” என்கிறார். கடைக்காரர் போத்தலை எடுத்து நீட்டுகிறார். அயலவரோ வேலிக்கப்பால் நிகழ்வது தம்மைச் சாராதென வாளாவிருக்கிறார். மூவரும் தவறிழைக்கின்றனர் என்பதே எமது குற்றச்சாட்டு. முடிக்கொத்து நோய் ஊருக்குப் பொதுவான கேடு. பொதுக் கேட்டைக் களையும் பொறுப்பு அரசுக்கும் சட்டத்துக்கும் உரியது.

நோயின் இயல்பு

இலை நரம்போரம் கரும்பச்சைப் புள்ளிகளும் கீற்றுகளும் முதலில் தோன்றும். பின்வரும் இலைகள் குறுகி, விறைத்து, விளிம்பு மஞ்சளித்து, உச்சியிலே கொத்தாய்க் குவியும். இளமையில் பீடிக்கப்பட்ட வாழை குலை ஈனாது. காரணம் ஒரு வைரசு. அதனை மரத்துக்கு மரம் சுமப்பது வாழை அழுக்கணவன். தமிழகத்தார் அசுவினி என்பர். ஊர் விட்டு ஊர் சுமப்பவர் பெரும்பாலும் நாமே. நோயுற்ற தாய்மரத்தின் குட்டி, பார்வைக்கு நலமாய்த் தோன்றும்போதே நோயைத் தன்னுள் கொண்டிருக்கலாம்.

வைரசு புகுந்த வாழையைக் குணமாக்கும் மருந்து உலகில் எங்கும் இல்லை. பூச்சிநாசினி பூச்சியைக் கொல்லும். மரத்தினுள்ளிருக்கும் வைரசைத் தீண்டாது. முதலில் மரத்திலுள்ள அழுக்கணவனைக் கொல்ல வேண்டும். இன்றேல் மரம் சாயும்போது அது அடுத்த மரத்துக்குக் குடிபெயரும். அதன்பின் முழுப் புதரையும் கிழங்கோடு கிளறி, துண்டுதுண்டாய் வெட்டி உலர்த்தி அழிக்க வேண்டும். தண்டை மட்டும் வெட்டினால், கிழங்கிலிருந்து எழும் குட்டியும் நோயுடனேயே எழும். இத்தனையையும் ஒருவர் செய்து அயலவர் செய்யாவிடில் பயன் என்ன?

உலகம் கற்ற பாடம்

இலங்கையில் இந்நோய் 1913ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. அதே ஆண்டளவில் அவுஸ்திரேலியாவிலும் அது புகுந்தது. 1920களின் நடுப்பகுதியில் அந்நாட்டின் ட்வீட் பள்ளத்தாக்கு வாழைத் தோட்டங்கள் அழிவின் விளிம்பில் நின்றன. அழுக்கணவனே நோயைப் பரப்புகிறதென்பதை மகீ என்னும் ஆய்வாளர் நிறுவி, 1927இல் வெளியிட்டார். அரசு சட்டம் இயற்றிற்று. பரிசோதகர் தோட்டந்தோறும் சென்றனர். நோயுற்ற மரத்தை அழிப்பது கட்டாயமாயிற்று. அனுமதியின்றிக் குட்டி நடுவது தடுக்கப்பட்டது. வாழைத்தொழில் பிழைத்தது.

தமிழகத்தைப் பாருங்கள். கீழ்ப்பழனி மலையிலே 1970களில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் செழித்த விருப்பாட்சி வாழை, இந்நோயால் ஏறக்குறைய 2,000 ஹெக்டேராய்ச் சுருங்கிற்று. நோயற்ற திசுவளர்ப்புக் கன்றுகளைக் கொண்டே அதனை மீட்கும் முயற்சி நடந்தது.

சட்டத்துக்கா பஞ்சம்?

இந்நாட்டில் 1924ஆம் ஆண்டிலேயே தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அதனிடத்தில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. தீங்குயிரிகள் நாட்டினுள் புகுவதையும் பரவுவதையும் தடுப்பதே அதன் நோக்கம். நடுகைப் பொருளின் தரத்தை ஒழுங்குசெய்ய 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டமும் உண்டு. ஏட்டிலே குறைவில்லை. ஆனால் மன்னார்ச் சந்தையிலே வாழைக்குட்டி வாங்கும் ஏழைக் கமக்காரனுக்கு அச்சட்டங்களால் கிடைத்த காப்பு யாது? அக்குட்டி எத்தோட்டத்துக் கிழங்கென்று அவனுக்குச் சொல்வார் யார்?

“மரத்தை அழிக்கக் கட்டளையிட்டால் ஏழை வருந்துவான்” என்பர் சிலர். மெய்தான். பொதுநலத்துக்காக ஒருவனின் உடைமையை அழிப்பின் பொதுப்பணமே அதற்கு ஈடு செய்தல் வேண்டும். இது நீதியின் பாலபாடம். “பணத்துக்கு எங்கே போவது?” என்பர் வேறு சிலர். ஈடு இல்லையெனில் கமக்காரன் நோயை மறைப்பான். மறைத்த ஒரு புதர் ஒரு கிராமத்தையே விழுங்கும். அந்த நட்டத்தை எந்தத் திறைசேரி ஈடுசெய்யும்?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. கமநல சேவை நிலையந்தோறும் நோயற்ற கன்றுகள் நியாய விலையில் கிடைக்க வேண்டும். விவசாயப் போதனாசிரியரும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து, குறித்த நாட்களில் வளவு வளவாய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். நோயுற்ற புதரை அழித்தவனுக்குப் புதுக் கன்றும் இழப்பீடும் தாமதமின்றி வழங்கப்பட வேண்டும்.

எமக்கும் கடமை உண்டு. உப்புக்குளத்துக் கிணற்றடியில் நான்கு வாழை வைத்திருக்கும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் சட்டத்தரணியும் தம்மைத் தோட்டக்காரராய் எண்ணுவதில்லை. கவனிப்பாரற்ற அந்நான்கு வாழைகளும் நோயுற்றால், சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் அவை அழுக்கணவனின் நாற்றங்கால் ஆகிவிடும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவரும் தத்தம் வளவு வாழையின் உச்சியை அண்ணாந்து பார்ப்பாராக! கொத்தாய்க் குவிந்த இலை கண்டால் மறையாது அறிவிப்பாராக! நம் கடனைச் செய்தபின், அரசு தன் கடனைச் செய்யும்வரை அதன் கதவைத் தட்டும் உரிமை நமக்குண்டு. தட்டுவோம், திறக்கும்வரை தட்டுவோம்.