அயல்மொழி வந்தால் தாய்மொழி போய்விடுமா?

சங்க ஆண்டு மலருக்குப் படைப்புகள் சேர்க்கும்போது வழக்கமாக எழும் விவாதம் இம்முறையும் எழுந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வங்காளியில் ஒரு கவிதை எழுதித் தந்திருந்தாள். "தமிழ்ச் சங்க மலரில் வங்காளிக்கு என்ன வேலை?" என்றார் ஓர் அன்பர். கவிதை திரும்பிப் போயிற்று.

அன்பரின் கவலை எனக்கும் உண்டு. என் பேரன் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிக்கிறான். ஆனாலும் அந்த முடிவு சரியல்ல என்பதே என் கருத்து. நான் படித்த ஒரு கவிஞரின் வாழ்க்கை அதற்குச் சான்று.

ஜெரார்ட் மான்லி ஹாப்கின்ஸ் (1844-1889) ஆங்கிலேயர். 1868இல் இயேசு சபையில் சேர்ந்தபோது, துறவுக்குக் கவிதை தடை என்றெண்ணித் தம் கவிதைகளை எரித்தார். பிறகு ஏழு ஆண்டுகள் அதிகம் எழுதவில்லை. 1874இல் இறையியல் படிக்க வேல்ஸ் பகுதியிலுள்ள செயின்ட் பியூனோ கல்லூரிக்குப் போனார். சுற்றுவட்டாரத்தில் மக்கள் மொழி வெல்ஷ். ஆங்கிலத்தை வைத்தே அவர் காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் வெல்ஷ் கற்றார். அதன் கவிதைகளையும் படித்தார். ஓர் அடிக்குள்ளேயே மெய்யொலிகள் ஒழுங்காகத் திரும்பி வருவது வெல்ஷ் யாப்பு. மோனை எதுகையில் பழகிய நமக்கு அந்தச் சுவை புரியும்.

1875 டிசம்பரில் 'டாய்ச்லாண்ட்' கப்பல் தேம்ஸ் முகத்துவாரத்தருகே தரைதட்டியது. இறந்தவர்களில் ஐந்து கன்னியாஸ்திரீகளும் இருந்தனர். இதைப் பற்றி யாராவது எழுதினால் நல்லது என்றார் கல்லூரித் தலைவர். ஹாப்கின்ஸ் மீண்டும் பேனா எடுத்தார். வெல்ஷில் கேட்ட ஒலிநயம் அவருடைய ஆங்கிலத்தில் இறங்கியது. அந்த நீண்ட கவிதையைச் சபையின் சொந்தப் பத்திரிகையே வெளியிடவில்லை.

1876இல் ஆயரின் வெள்ளிவிழாவுக்குக் கல்லூரியில் பல மொழிகளில் ஒரு வாழ்த்துத் தொகுப்பு தயாராயிற்று. அதற்கு ஹாப்கின்ஸ் ஆங்கிலம், லத்தீன், வெல்ஷ் மூன்றிலும் எழுதினார். பின்னாளில் டப்ளினில் கிரேக்கம் கற்பித்து, நூற்றுக்கணக்கான விடைத்தாள்களோடு போராடி, 1889இல் மறைந்தார். கவிதைகள் நூலானது 1918இல்தான். நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் பதிப்பித்தார். இன்று ஆங்கிலக் கவிதையில் அவருக்குத் தனி இடம்.

அயல்மொழி அவருடைய தாய்மொழியை அழிக்கவில்லை. அதற்கு வளம் சேர்த்தது. அவருக்குத் தாய்மொழியில் உறுதியான அடித்தளம் இருந்தது என்பதும் உண்மை. நம் பிள்ளைகளுக்கு அந்த அடித்தளத்தை இடவேண்டியது வீட்டில் நாம்தான். மலரின் கதவை அடைத்துவிட்டால் அது வந்துவிடாது.

ஆகவே என் யோசனை இது. அந்தப் பெண்ணின் கவிதையைத் திரும்பக் கேட்டு வாங்குவோம். "இதையே தமிழில் நான்கு வரி சொல்லம்மா" என்போம். இரண்டையும் அருகருகே அச்சிடுவோம். தமிழ் வரிகளில் பிழை இருந்தால் திருத்திக் கொடுக்க நாம் இல்லையா?