கண்ணுக்குத் தெரியாத துடிப்பு

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற எங்கள் கரையோர ஊர்களிலிருந்து மத்திய கிழக்குக்குச் செல்வோர், இரவெல்லாம் பஸ்ஸில் பயணித்துக் கட்டுநாயக்கவை அடைகின்றனர். பின்னர் இங்கும், இடையில் இறங்கும் நாடுகளிலும், மணிக்கணக்கில் விளக்கொளியில் காத்திருக்கின்றனர். தலைவலி என்று அவர்கள் சொன்னால், தூக்கமின்மை என்று நாம் முடித்துவிடுகிறோம். தலைக்கு மேலுள்ள விளக்கையும் விசாரிக்க வேண்டும் என்பது என் கருத்து.

நமது மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. அதனால் விளக்கொளி விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைய இடமுண்டு. பழைய மின்குமிழில் இழையின் வெப்பம் அதைப் பெருமளவு மறைத்துவிடும். எல்.ஈ.டி. விளக்கோ மின்னோட்டத்தை உடனுக்குடன் பின்பற்றும். மின்னோட்டத்தைச் சீராக்கும் பாகம் தரமாக இருந்தால் துடிப்பு அடங்கும். செலவைச் சுருக்கினால் துடிப்பு நிலைக்கும். ஆகவே குற்றம் எல்.ஈ.டி.யில் அல்ல, மலிவான தயாரிப்பிலேயே உள்ளது.

அசையாப் பொருளைப் பார்க்கும்போது இத்துடிப்பு பெரும்பாலும் தெரிவதில்லை. ஆயினும் உடல் அதை உணரக்கூடும். 1989இல் பிரித்தானிய அலுவலகப் பணியாளர்களிடம் நடத்திய ஆய்வொன்றில், சாதாரண குழல் விளக்குகளை உயர் அதிர்வெண்ணில் இயங்கச் செய்தபோது தலைவலியும் கண் களைப்பும் பாதிக்கும் மேலாகக் குறைந்தன. ஒற்றைத் தலைவலி உள்ளோருக்கு இது சிறிய விடயமன்று.

ஆபத்தும் உண்டு. துடிக்கும் ஒளியில், சுழலும் பொருள் நின்றுவிட்டது போலத் தோன்றலாம். விமானத் தரிப்பிடத்தில் சுழலும் உந்துவிசிறிக்கும், நமதூர் மர ஆலையின் வாளுக்கும் இது பொருந்தும்.

சோதிப்பது எளிது. விளக்கின் கீழ் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். மங்கலான ஒரே விசிறியாகத் தெரிந்தால் நன்று. பல தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் விளக்குத் துடிக்கிறது. கைத்தொலைபேசிக் கமெராவில் ஓடும் கரும்பட்டைகளும் அதற்கு அறிகுறியே. நான் கடந்துவந்த காத்திருப்பு மண்டபங்கள் சிலவற்றில் இரண்டையும் கண்டிருக்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 செப்டெம்பர் முதல் இத்துடிப்புக்குச் சட்ட வரம்பு விதித்து, 2024இல் அதை மேலும் இறுக்கியது. விமான நிலையம் மட்டுமல்ல, மருதமுனையின் தறிக்கூடமும் பள்ளிக்கூடமும் மதரஸாவும் நூலகமும் கண்களை நம்பியவையே. விளக்கு வாங்கும் கேள்விப்பத்திரத்தில் விலையையும் வாட்டையும் கேட்கும் நாம், துடிப்பின் அளவையும் கேட்போம். அந்த ஒரு வரி சேர்ந்தால், மலிவான சரக்கு நம் வாசலுக்கு வரத் தயங்கும்.