புழுக்கை பார்க்கத் தெரியுமா?

முயலுக்கு உடம்பு சரியில்லை என்றால் முகத்தில் தெரியாது. நாய் முனகும். கோழிகூடச் சிறகைத் தொங்கப்போட்டுத் தூங்கி விழும். முயல் காட்டிக்கொடுக்காது. கழுகுக்கும் நரிக்கும் இரையாகிப் பழகிய சாதி; நோஞ்சான் என்று தெரிந்தால் முதலில் தூக்கிப்போகப்படுவது தான்தான் என்பது அதன் ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. வயிறு வலித்தாலும் காதை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதனால் முயல் வளர்ப்பவர் தினமும் பார்க்க வேண்டியது கூண்டுத் தட்டில் கிடக்கும் புழுக்கையைத்தான்.

தங்கை மகள் சந்தையிலிருந்து ஒரு வெள்ளைக் குட்டியை வாங்கி வந்தாள். ‘ரெண்டு மாசக் குட்டி’ என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கியது. வீட்டில் ஆளாளுக்குச் செல்லம்: ஒருவர் கேரட், ஒருவர் முட்டைக்கோஸ், ஒருவர் மாரி பிஸ்கட். வாரம் திரும்புவதற்குள் குட்டியின் பின்பக்க மயிர் ஈரமாக ஒட்டிப்போயிருந்தது. வயிறு மட்டும் உப்பியிருக்க, தடவினால் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக விரலில் தட்டியது. உருண்டையாகக் கிடக்க வேண்டிய புழுக்கை தட்டில் குழம்பிக் கிடந்தது.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். வைத்தியம் சொல்ல வந்தவர்களுக்கும் அப்படித்தான். பக்கத்து வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். இன்னொருவர், பிள்ளைக்கு வாங்கி மிச்சமிருந்த அமாக்சிசிலின் சிரப்பைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். நல்ல மனசுதான். ஆனால் மனிதக் குழந்தைக்கு ஏற்ற அந்த மருந்து, வாய்வழி உள்ளே போனால் முயலைக் கொல்லக்கூடும். ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லிங்கோமைசின் எல்லாம் அதே ரகம்தான். குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து, நஞ்சு கக்கும் கிருமிகளுக்கு இடம் விட்டுக்கொடுத்துவிடும்.

அரசு கால்நடை மருத்துவமனையில் மாடு, ஆடு, நாய்களுக்கு நடுவே அட்டைப் பெட்டியோடு நின்றோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: “புழுக்கை கொண்டாந்தீங்களா?” தங்கை மகள் பாலித்தீன் பையை நீட்டினாள். குட்டியைத் தராசில் வைத்தார்கள், 410 கிராம். பல்லைப் பார்த்து, தோலைக் கிள்ளிவிட்டு, வயிற்றில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டார். “இது ரெண்டு மாசம் இல்ல சார். ஒரு மாசம் தாண்டியிருந்தா அதிகம். பால் மறக்கிறதுக்கு முன்னாடியே பிரிச்சிருக்காங்க.”

கோளாறின் வேர் அங்கேதான் இருக்கிறது. தாய் முயல் பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரே முறைதான் பால் கொடுக்கும்; அதுவும் சில நிமிடங்களே. அந்தப் பாலிலிருந்து குட்டியின் வயிற்றில் உருவாகும் கொழுப்பு அமிலங்கள் கிருமிகளை அடக்கி வைக்கின்றன. வளர்ந்த முயலின் இரைப்பை அமிலம் பி.எச். 1-2 அளவில் கடுமையாக இருக்கும். உள்ளே போகும் கிருமி பிழைக்காது. பால் குடிக்கும் குட்டிக்கு அது 5-6 அளவில்தான். பாலின் காவலும் போய், அமிலத்தின் காவலும் வராத நேரத்தில் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, மாவும் சர்க்கரையுமாகக் கொடுத்தால் குடல் எப்படித் தாங்கும்? கார்ட்டூன் முயலைப் பார்த்துவிட்டு நாம் நீட்டும் கேரட்டும் அதற்கு இனிப்புப் பண்டம்தான்.

நுண்ணோக்கியில் காக்சிடியா முட்டைகள் தெரிந்தன. கோழி வளர்ப்பவர்கள் ரத்தக்கழிச்சல் என்பார்களே, அந்த வகைக் கிருமி. கோழியுடையது வேறு, முயலுடையது வேறு. குட்டிகளை இளைக்க வைத்துக் கொல்வதில் இது பேர்போனது. தோலுக்கடியில் சலைன் ஏற்றி, எடைக்குத் தக்கபடி சல்ஃபா மருந்து எழுதிக் கொடுத்தார். “மருந்து பாதிதான். மிச்சம் உங்க கையிலதான் இருக்கு” என்றார்.

அந்த மிச்சம் பெரிய வேலை. முயலால் வாந்தியெடுக்க முடியாது. குடல் நின்றுபோனால் உள்ளே போனது அங்கேயே புளித்துக் காற்றாகும். ஆகவே குடலை ஓட வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வயிறு அடைபடவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஊட்ட ஆரம்பித்தோம். உலர்ந்த புல்லைப் பொடித்து, வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டிய கூழ். குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் உட்கார வைக்க வேண்டும், மல்லாத்தக் கூடாது. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி ஒன்று உண்டு. ஊசி கழற்றிய சிரிஞ்சின் நுனியை வாயின் பக்கவாட்டில் அங்கே நுழைத்து, கால் மில்லி, அரை மில்லியாக விட வேண்டும். தாடை அசைந்து விழுங்கிய பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் கூழ் நுரையீரலுக்குப் போய்விடும்.

ஒரு விடியற்காலையில் தங்கை மகள் அலறினாள்: “மாமா, அது தன் புழுக்கையையே தின்னுது!” எனக்கோ உயிர் வந்தது. முயலுக்கு இரண்டு விதமான புழுக்கை. ஒன்று தட்டில் விழும் உலர்ந்த உருண்டை. இன்னொன்று சீக்கம் என்கிற பெரிய குடல்பையில் நொதித்து, திராட்சைக் கொத்துபோல் மினுமினுப்பாக வெளிவருவது. அதைக் கீழே விழவிடாமல் வாயாலேயே எடுத்து விழுங்கிவிடும். புரதமும் பி வைட்டமின்களும் அதில்தான் இருக்கின்றன. ஆரோக்கியமான முயல் செய்கிற வேலை அது, தடுக்கக் கூடாது.

தட்டில் கிடப்பதை மட்டும் தினமும் அப்புறப்படுத்த வேண்டும். காக்சிடியா முட்டை வெளியே வந்த உடனே தொற்றாது. ஈரமும் காற்றும் பட்டு முதிர ஓரிரு நாளாவது ஆகும். அதற்குள் தட்டைத் துடைத்து, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்தால் சுழற்சி அறுந்துவிடும். சாதாரண பினாயிலுக்கு அந்த முட்டை மசியாது.

நம் ஊர் வெயில் இன்னொரு வில்லன். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் மத்திய அரசு ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கும் வொயிட் ஜயன்ட், சோவியத் சின்சில்லா ரகங்களெல்லாம் குளிருக்குப் பழகியவை. சமவெளியில் 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் தின்பதைக் குறைக்கும். தின்பது குறைந்தால் குடல் மந்தமாகும். பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, துணி சுற்றிக் கூண்டோரம் வைத்தால் அதன்மேல் சாய்ந்துகொள்ளும். நோய்ப்பட்டுக் குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கோ நேர்மாறாகக் கதகதப்பு வேண்டும்.

தீவனத்துக்கு அதிகம் அலைய வேண்டியதில்லை. பிள்ளையார் கோயில் வாசலில் விற்கும் அருகம்புல் போதும். மருந்தடிக்காததாகப் பார்த்து வாங்கி, அலசி, நிழலில் உலர்த்திக் கொடுக்கலாம். சாப்பாட்டில் பெரும்பங்கு புல்லாகவே இருக்கட்டும். நார் இருந்தால்தான் குடல் ஓடும்; வளர்ந்துகொண்டே இருக்கும் பல்லும் தேயும்.

குட்டி பிழைத்தது. முதலில் எடை நின்றது. பிறகு ஐந்தும் பத்துமாகக் கிராம் ஏறியது. எல்லாக் குட்டிக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. பால் மறக்காமல் சந்தைக்கு வருகிறவற்றில் பல, வாங்கியவர் பெயர் வைப்பதற்குள் போய்விடுகின்றன.

முயல் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் எட்டு வாரம் நிறைந்த குட்டியாகப் பார்த்து வாங்குங்கள். இதுவரை என்ன தின்றது என்று கேட்டு, அதையே சில நாள் கொடுத்து, மெல்ல மாற்றுங்கள். கூண்டு வாங்கும்போதே கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்றும் வாங்கிவிடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அட்டைப் பெட்டியில் குட்டியையும் பையில் புழுக்கையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கிளம்புங்கள்.