மதிலும் கதியாலும்



சென்ற மாதம் இரவு வேலையில், தேநீர் நேரத்தில், எங்களோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாதி ஒருவர் தன் ஊர்ப் படம் ஒன்றைக் காட்டினார். மிண்டனாவோ தீவில் ஒரு மலைச்சரிவு. சரிவுக்குக் குறுக்கே வரிவரியாக மரவேலிகள். அவற்றுக்கிடையே சோளமும் நிலக்கடலையும். ஓரத்தில் ஆட்டுக்கொட்டில். வேலி மரத்தை உற்றுப் பார்த்தோம். நம்முடைய சீமைக்கிளுவை! யாழ்ப்பாணத்தில் கதியாலாக நடுவோமே, அதே மரம்.

அந்த வேலிகளுக்கு ஒரு கதை உண்டு. 1971இல் மிண்டனாவோவின் தெற்கே பாப்திஸ்து மிஷனெரிமார் ஒரு கிராமிய வாழ்வு நிலையத்தைத் தொடங்கினார்கள். அதை நடத்தியவர் ஹரால்ட் வாட்சன் என்ற அமெரிக்கர். மலையில் காடு வெட்டப்பட்டிருந்தது; மழை மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போனது; ஏழை விவசாயிகளின் விளைச்சல் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. உரம் வாங்கக் கையில் காசில்லை.

அவர்களோடு சேர்ந்து அவர் கண்ட வழி எளியது. 'ஏ' எழுத்துப்போலக் கம்புகளால் கட்டிய ஒரு சட்டத்தால் சரிவில் ஒரே மட்டமான கோடுகளைக் குறித்தார்கள். ஒவ்வொரு கோட்டிலும் இபில்-இபில் போன்ற மரங்களை இரண்டு வரிசையாக நெருக்கி விதைத்தார்கள். ஒரு வேலிக்கும் அடுத்ததற்கும் 4 அல்லது 5 மீற்றர். வழிந்து வரும் மண் வேலியில் தங்கியது. இந்த மரங்களின் வேர் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து வைப்பதால், வெட்டிப் போட்ட குழையே பயிருக்கு உரமானது.

பிறகு ஆடும் வந்தது. அரை ஹெக்டேயர் நிலத்தில் 40 சதவீதம் பயிருக்கு, 20 சதவீதம் மரத்துக்கு, 40 சதவீதம் ஆட்டுத்தீனிக்கு. ஆட்டை அவிழ்த்து விடுவதில்லை. குழை வெட்டிக் கொட்டிலுக்குக் கொண்டுபோவார்கள். எரு தோட்டத்துக்குத் திரும்பும். 1985இல் வாட்சனுக்கு மக்சேசே விருது கிடைத்தது.

ஆனால் அதே காலத்தில் சாறு உறிஞ்சும் ஒரு சிறு பூச்சி பரவி, இபில்-இபில் வேலிகளைப் பாழாக்கியது. நிலையத்தார் வேலியைக் கைவிடவில்லை. சீமைக்கிளுவையையும் வேறு மரங்களையும் கலந்து நட்டார்கள். ஒரே மரத்தை நம்பியதுதான் பிழை என்று கண்டுகொண்டார்கள்.

இதைக் கேட்டபோது எங்களுக்கு ஊர் வீடுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் வளவைச் சுற்றிப் பூவரசும் கிளுவையும் முள்முருங்கையும் சீமைக்கிளுவையும் நின்றன. அம்மாவிடம் நாலு ஆடு. காலையில் வேலியில் குழை வெட்டுவார். மிஞ்சியதைத் தோட்டத்தில் தாழ்ப்பார். ஆட்டெரு கத்தரிக்கும் மிளகாய்க்கும் போகும். யுத்தம் முடிந்தபின் வீடு திருத்த நாங்கள் காசு அனுப்பினோம். வருஷாவருஷம் வேலி அடைக்க ஆள் கிடைப்பதில்லை, பாதுகாப்பும் வேண்டும், மதில் கட்டுங்கோ என்றோம்.

"குழைக்கு எங்க போறது, பிள்ளையள்?" என்று அம்மா ஒருமுறைதான் கேட்டார். நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மதில் எழும்பியது. அந்த வருஷமே ஆடுகள் விற்கப்பட்டன. அடுத்த போகத்துக்கு எருவையும் காசு கொடுத்து வாங்கினார். கடைசியில் தோட்டமே சுருங்கிவிட்டது. வார்ட்டில் ஒரு மருந்தை நிறுத்துமுன், அது எதையெல்லாம் தாங்கி நிற்கிறது என்று பார்ப்போம். அம்மாவின் வேலிக்கு அந்தக் கவனத்தை நாங்கள் கொடுக்கவில்லை.

மதில் கட்டியவர்கள் எல்லாரும் பிழை செய்தார்கள் என்று சொல்லவில்லை. அம்மாவைக் கேட்காமல் கட்டியதுதான் எங்கள் பிழை. ஆதியாகமத்தில் மனிதனிடம் தோட்டம் ஒப்படைக்கப்பட்டது அனுபவிக்க மட்டுமல்ல, பேணவும்தான். தூரத்திலிருந்து காசு அனுப்புகிறவர்களுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு.

போன வருஷம் ஊருக்குப் போனபோது மதிலை இடிக்கவில்லை. அதன் உட்பக்கமாக, கொஞ்சம் தள்ளி, மழைக்கு முன் கதியால் நட்டோம். ஒரே மரமாக அல்ல, நாலு விதமாக. சில பட்டுப்போயின. மற்றவை துளிர்த்துவிட்டன. ஆடு வாங்குவதைப் பற்றி அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் இம்முறை அவசரப்படுத்தவில்லை.

இந்த மாதம் உங்களுக்கு ஒரு வேலை. அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ தொலைபேசி எடுத்து, உங்கள் வளவு வேலியில் என்னென்ன மரம் நின்றது, அதன் குழை எதற்குப் போனது என்று கேளுங்கள். கேட்டதை எழுதி ஓய்வுநாள் பாடசாலை மேசையில் வையுங்கள். அடுத்த இதழில் சேர்த்துப் போடுவோம்.