புரியலைன்னா கிறுக்கலா?

நவீன ஓவியத்தைப் பார்த்ததும் நம்ம ஆட்கள் விடும் முதல் வசனம், "இதை எங்க வீட்டு வாண்டு கூட வரையும்!" ரெண்டாவது, "இதுக்குப் போய் லட்ச ரூபாயா?" கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு மக்களே.

நான் ஆரணிக்காரன். எங்க ஊர்த் தறி மேல தொங்கும் ஜக்கார்டு அட்டைகளைப் பார்த்திருக்கீங்களா? வரிசை வரிசையா ஓட்டை, அவ்ளோதான். ஓட்டை இருக்கிற இடத்தில் பாவு நூல் மேலே ஏறும், இல்லாத இடத்தில் ஏறாது. அப்படித்தான் புடவையில் மயிலும் மாங்காயும் வருது. வெளியூர்க்காரருக்கு அட்டையைப் பார்த்தா ஒரு மண்ணும் புரியாது. ஆனா யாரும் கிறுக்கல்னு சொல்றதில்லை, "எனக்குத் தெரியலை"ன்னுதான் சொல்வாங்க. ஓவியம்னா மட்டும் இந்த அடக்கம் எங்கே போகுது?

"அட்டையால புடவை வருது, ஓவியத்தால என்ன வருது?" நியாயமான கேள்வி. கே.சி.எஸ். பணிக்கர் 1960-களில் 'சொற்களும் குறியீடுகளும்'னு ஒரு வரிசை வரைஞ்சார். ஜாதகக் கட்டம் மாதிரி கட்டங்கள், எழுத்து மாதிரியே இருக்கும் கோடுகள். படிச்சா ஒரு வார்த்தை தேறாது. எழுத்துக் கூட்டத் தெரியாத வயசில் கோயில் கல்வெட்டை எப்படிப் பார்த்தோம்? அர்த்தம் தேடாம, வடிவத்தை மட்டும் பார்த்தோம் இல்லையா? அந்தக் கண்ணை அவர் படம் எனக்குத் திருப்பித் தந்தது. புடவை வரலை, இது வந்துச்சு.

சிலர் "எல்லாம் காசு பார்க்கிற வேலை" என்பார்கள். அதே பணிக்கர் 1966-ல் சென்னை ஓவியக் கல்லூரி மாணவர்களோடு ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். பாத்திக் மாதிரி கைவினைப் பொருள் செஞ்சு வித்துத்தான் அங்கே பிழைப்பு நடந்தது. வாங்குறவர் ருசிக்காகப் படம் வரைய வேண்டாமே, அதுக்குத்தான்! காசு பார்க்கிறவர் செய்யுற காரியமா இது?

"ஒழுங்கா வரையத் தெரியாதவன்தான் இப்படி வரைவான்" என்பது அடுத்த புளிச்ச மாவு. ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களைப் பாருங்க. கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குப் படம் போட்டவரும் அவரேதான். அந்தக் கைதான் உருவமே இல்லாத வண்ண ஓவியங்களையும் தீட்டுச்சு. வரையத் தெரியாமலா?

புரிஞ்ச மாதிரி தலையாட்டச் சொல்லலை. அது இன்னும் பெரிய பம்மாத்து. சோழமண்டலம் பக்கம் போனா ஒரு படத்தின் முன்னால பத்து நிமிஷம் நில்லுங்க. அப்புறமும் பிடிக்கலைன்னா, பிடிக்கலைன்னு தாராளமாச் சொல்லுங்க. 'பிடிக்கலை' வேற, 'கிறுக்கல்' வேற.